மைனஸ் ஐந்தில் சன்கிறீம் எதற்கு?

கேள்வி: நோர்வேயின் ட்ரொம்சோவில் இருக்கிறோம். ஈஸ்டர் விடுமுறைக்குப் பக்கத்து வீட்டு நோர்வேக் குடும்பத்தோடு பனிமலைக் குடிலுக்குப் போகிறோம். பிள்ளைகளுக்கு (6, 9 வயது) சன்கிறீமும் கறுப்புக் கண்ணாடியும் கட்டாயம் என்கிறார்கள். "மைனஸ் அஞ்சில என்ன வெயில்? எங்கட தோல் எரியாது" என்கிறா மாமி. கிறீம் பூசினால் விட்டமின் டி கிடைக்காதோ என்ற யோசனையும் இருக்கிறது. எது சரி?

பதில்: மாமி சொல்வதில் பாதி சரி. ஆனால் அதற்கு அவர் சொல்லும் காரணம் பிழை.

தோலை எரிப்பது புற ஊதாக் கதிர். அது படுவது உடம்புக்குச் சூடாகத் தெரியாது. ஆகவே வெப்பமானியைப் பார்த்துப் பயனில்லை. சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். சித்திரை வருடப் பிறப்பன்று யாழ்ப்பாணத்தில் நடுப்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேரே நிற்கும். அதே நாளில் ட்ரொம்சோவில் 30 பாகைதான். நிழல் ஆளைவிடக் குட்டையாக இருந்தால் வெயில் கடுமை என்றொரு கணக்கு உண்டு. ட்ரொம்சோவில் ஜூன் மாதத்திலும் சூரியன் 44 பாகையைத் தாண்டாது. உங்கள் நிழல் ஒருநாளும் உங்களைவிடக் குட்டையாகாது! ஏப்ரலில் பனி உருகிய தெருவில் பள்ளிக்கு நடந்து போகிற பிள்ளைக்குக் கிறீம் தேவையில்லை. அந்த அளவில் மாமிக்கு வெற்றி.

பனிமலையில் இந்தக் கணக்கு குழம்பிவிடும். புல்தரை புற ஊதாக் கதிரில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் திருப்பி அனுப்பாது. புதுப் பனி 80 வீதம்வரை திருப்பும். வெயில் கீழேயிருந்தும் அடிக்கிறது. தொப்பி போட்டாலும் தாடையும் மூக்கின் அடியும் தப்பாது. கறுத்தத் தோல் மெதுவாகத்தான் எரியும், ஆனால் எரியும். நாள் முழுக்கப் பனியில் நிற்கும்போது முகம், காது, கழுத்துக்கு எஸ்.பி.எஃப் 30 என்று குறித்த கிறீம் பூசுங்கள். இரண்டு மணிக்கொருதரம் மறுபடியும் பூச வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை கண்தான். தோலின் நிறம் கண்ணின் முன்படலத்துக்குக் காவல் இல்லை. பனியில் பட்டுத் திரும்பும் கதிரால் கண் எரிவதைப் பனிக்குருடு என்பார்கள். அது பகலில் தெரியாது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, இரவில், மணல் விழுந்ததுபோல் உறுத்தும். கண்ணீர் வழியும், வெளிச்சம் பார்க்க முடியாது. பக்கவாட்டும் மூடிய, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் 'யூவி 400' என்று குறித்த கண்ணாடி வாங்குங்கள். வெறும் கறுப்பு நிறம் போதாது. பனிக்குருடு வந்துவிட்டால் இருட்டறையில் ஓய்வு. பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறும். ஆறாவிட்டாலோ பார்வை மங்கினாலோ மருத்துவரிடம் போங்கள். கண்ணில் தாய்ப்பால் விடுகிற கைவைத்தியம் வேண்டாம்.

விட்டமின் டி பற்றி: முகத்தில் பூசும் கிறீமால் நீங்கள் இழப்பது சொற்பம். அங்கே நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுவரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. வந்த பிறகும் பல வாரங்கள் அதன் கதிர் போதாது. நம் நிறத்துக்கோ இன்னும் கூடுதல் வெயில் வேண்டும். யன்னல் கண்ணாடிக்குள் இருந்து வெயில் காய்ந்தாலும் கிடைக்காது. நோர்வேக்காரர் செப்டெம்பரில் தொடங்கி ஏப்ரல்வரை குடிக்கிற கொட் மீனின் ஈரல் எண்ணெய்தான் வழி. ஐந்து மில்லிலீற்றர் கரண்டியில் 10 மைக்ரோகிராம் விட்டமின் டி உண்டு, பிள்ளைக்கும் உங்களுக்கும் ஒரு நாளைக்குப் போதும். கொட் மீனின் சதையில் அது அதிகம் இல்லை. சமன் (salmon) மீனிலும் ஹெரிங் மீனிலும் உண்டு.

மாமிக்கு 75 வயதைத் தாண்டியிருந்தால் 20 மைக்ரோகிராம் வேண்டும். அதற்காக இரண்டு கரண்டி ஊற்றாதீர்கள், விட்டமின் ஏ கூடிவிடும். மிச்சத்தை டி மாத்திரையாகக் கொடுங்கள்.