புதுசா பூசின சுவரு, பெயிண்ட் – கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

பெயிண்ட் வேலையில 20 வருஷத்துக்கு மேல ஆச்சு, அதுல பாதி நாள் அடுத்தவங்க அவசரப்பட்டு அடிச்சு வீணாக்கினத சுரண்டினதுலயே போச்சு. சுவரு பத்தி மட்டும் கேளுங்க, மரம் கம்பி பத்தி எனக்கு அரைகுறைதான்.

கேள்வி: அண்ணா, பூச்சு முடிஞ்சு 10 நாள் ஆச்சு. தொட்டுப் பாத்தா நல்லா காஞ்சிருக்கு. பிரைமர் (பெயிண்ட்டுக்கு அடியில அடிக்கற முதல் கோட்) அடிச்சிடலாமா?

வேணாம் தம்பி. சிமெண்ட் பூச்சுக்கு முதல் 7 நாள் தண்ணி விட்டுருப்பீங்க, விடணும். அப்போ காய ஆரம்பிச்சதே மூணு நாளைக்கு முன்னாடிதான். கை தொடுறது மேல்தோல, உள்ள செங்கல் குடிச்ச தண்ணி அப்படியே இருக்கு. குறைஞ்சது 28 நாள் விடுங்க, மழைக்காலம்னா இன்னும் கூட ஆகும்.

ஈரம் ஒரு காரணம், காரம் (சுண்ணாம்பு மாதிரி அரிக்கற குணம்) இன்னொண்ணு. புது சிமெண்ட்டோட பிஹெச், அதாவது காரத்தோட அளவு, 12, 13 வரைக்கும் இருக்கும். அதுமேல எண்ணெய் பெயிண்ட் அடிச்சா அந்த காரம் எண்ணெயைத் தின்னு சோப்பாக்கிடும், பிசுபிசுன்னு வழியும், நான் கையால வழிச்சு எடுத்திருக்கேன். நாளாக நாளாக காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடு மேல்பரப்புல இருக்கற சுண்ணாம்போட சேர்ந்து காரம் இறங்கும், அதுக்கும் சேத்துதான் காத்திருக்க சொல்றேன்.

சந்தேகம்னா ஒண்ணரை அடிக்கு ஒண்ணரை அடி பாலித்தீன் ஷீட்டை சுவத்துல நாலு பக்கமும் காத்து போகாம டேப் போட்டு ஒட்டுங்க. ஒரு ராத்திரி பூரா விட்டு, 16 மணி நேரமாவது கழிச்சு பாருங்க. உள்பக்கம் முத்து முத்தா தண்ணி கோத்திருந்தாலோ சுவரு அந்த இடத்துல மட்டும் கறுத்திருந்தாலோ இன்னும் காயல. கையை நம்பாதீங்க, ஷீட்டை நம்புங்க.

கேள்வி: சுவத்துல வெள்ளை வெள்ளையா பூத்திருக்கு சார். கழுவிட்டு அடிக்கலாமா?

கழுவிடாதீங்க! அது உப்பு, தண்ணி ஊத்தினா கரைஞ்சு திரும்ப சுவத்துக்குள்ளயே போயிடும், ரெண்டு நாள்ல மறுபடி வெளிய வந்து நிக்கும். காஞ்ச பிரஷ்ஷால தேச்சு கீழ தள்ளுங்க, கூட்டி அள்ளிடுங்க, ஒரு வாரம் பாருங்க. வரலன்னா நல்லது. வந்துக்கிட்டே இருந்தா உள்ள எங்கிருந்தோ தண்ணி வருது, பின்னாடி பாத்ரூமா, மேல மொட்டைமாடியா, குழாயான்னு தேடுங்க. அத அடைக்காம மேல எவ்வளவு ஒசத்தி பெயிண்ட் அடிச்சாலும் அடியில உப்பு படிகமா வளர்ந்து பெயிண்டைத் தள்ளி விட்டுரும்.

கேள்வி: ஹாலுக்கு என்ன கலர் நல்லா இருக்கும்?

வீட்ல கேளுங்க.

கேள்வி: பூச்சுல மயிரிழை மாதிரி விரிசல் நிறைய இருக்கு. மேஸ்திரி பட்டியில (பெயிண்ட்டுக்கு முன்னாடி சுவத்த வழவழப்பாக்க பூசறது) மறைஞ்சிடும்னு சொல்றாரு. உண்மையா?

ரெண்டு விதம் இருக்குங்க. சிலந்தி வலை மாதிரி சுவரு முழுக்க பரவி நகம் கூட போகாத விரிசல்னா அது சீக்கிரம் காஞ்சதால வந்தது, இல்லன்னா வழவழன்னு வரணும்னு மேல சிமெண்ட் பால் (தண்ணியில கரைச்ச சிமெண்ட்) அதிகமா தேச்சிருப்பாங்க. அதுக்கு அவர் சொல்றது சரி, பட்டி போதும். ஆனா தூணும் செங்கல் சுவரும் சேர்ற இடத்துல நேர்கோடா ஒரு விரிசல் வந்தா பட்டி நிக்காது, கான்கிரீட் ஒரு மாதிரி விரியும், செங்கல் ஒரு மாதிரி விரியும். பூசறதுக்கு முன்னாடியே அங்க கோழிவலை அடிச்சிருக்கணும். இப்போ அந்தக் கோட்டை மட்டும் வெட்டி வலை வெச்சு பூசுங்க. அப்படியே விரல் முட்டியால சுவரு பூரா தட்டிட்டு வாங்க. டொப்புன்னு பொள்ளலா சத்தம் வர்ற இடம் சுவத்தைப் பிடிக்கல, அத பெயிண்ட்டுக்கு முன்னாடியே இடிச்சுடுங்க.

கேள்வி: 15 நாள் ஆச்சு, அடிக்கலாமா?

மேல படிங்க.

கேள்வி: முதல்ல பிரைமரா, பட்டியா? எங்க பெயிண்டர் பிரைமர்தான் முதல்லன்னு அடம் பிடிக்கிறாரு.

எந்தப் பட்டின்னு சொல்லாம இதுக்கு பதில் இல்ல. வெள்ளை சிமெண்ட் பட்டி, அதாவது பையில மாவா வர்றது, அதுல இருக்கறது சிமெண்ட். அது இறுகறதுக்கு தண்ணி வேணும், பூச்சை நேரடியா பிடிக்கணும். சுவத்த லேசா நனைச்சு நேரா வைக்கணும், அடியில பிரைமர் வேணாம். அக்ரிலிக் பட்டி, டப்பாவுல பேஸ்ட்டா வர்றது, அது காஞ்ச சுவத்துல, பிரைமர் மேல. ரெண்டுக்கும் பட்டி முடிஞ்சு தேச்சப்புறம் ஒரு கோட் பிரைமர் கண்டிப்பா உண்டு, இல்லன்னா பெயிண்டை பட்டி குடிச்சுட்டு திட்டுத்திட்டா நிக்கும்.

கேள்வி: மன்னிக்கணும் மேஸ்திரி, ஒத்துக்க மாட்டேன். எங்க வீட்ல 12 வருஷம் முன்னாடி பிரைமர் அடிச்சுதான் வெள்ளை சிமெண்ட் பட்டி வெச்சாங்க, இன்னும் ஒரு செதில் கூட விழல.

விழலன்னா சந்தோஷம் சார், நிஜமாத்தான் சொல்றேன். தண்ணி நிறைய கலந்து மெல்லிசா அடிச்சிருப்பாங்க, பூச்சு அத உறிஞ்சிருக்கும், மேல தோல் மாதிரி படியாம இருந்திருக்கும். கெட்டியா அடிச்ச இடங்கள நான் பாத்திருக்கேன், பட்டி அப்பளம் மாதிரி தகடா உரியும், திருப்பிப் பாத்தா பின்பக்கம் முழுக்க பிரைமர் ஒட்டியிருக்கும். பூச்சு அங்க சுத்தமா நிக்கும். அப்போ எது விட்டுச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

கேள்வி: நானும் பெயிண்டர்தான். பிரைமர் இல்லாம வெச்சா பூச்சு பட்டியில இருக்கற தண்ணிய உறிஞ்சி மாவா உதிருதே, அதுக்கு என்ன சொல்றீங்க?

நல்ல கேள்வி, சரியான இடத்துல பிடிச்சீங்க. உதிர்றது உண்மை, ஆனா அது சுவத்த நனைக்காம வெச்சதால. நனைச்சுட்டு மேல தண்ணி மினுமினுன்னு நிக்காம உள்ள இறங்கினதும் வைங்க, ஒண்ணரை மில்லிமீட்டர் கனத்துக்கு மேல போகாதீங்க. நீங்க பிரைமர வெச்சு உறிஞ்சறத நிறுத்தறீங்க, நான் தண்ணிய வெச்சு நிறுத்தறேன். சிமெண்ட்டுக்கு தண்ணி சோறு, பிரைமர் சோறு இல்ல. என்னையும் நம்ப வேணாம் வேற எந்தப் பெயிண்டரையும் நம்ப வேணாம், பைக்கு பின்னாடி எழுதியிருக்கும்.

கேள்வி: இப்போதான் பையைத் திருப்பிப் பாத்தேன். ‘சுவரை நனைக்கவும்’னு இருக்கு. பிரைமர் பத்தி பட்டிக்கு அப்புறம்தான் போட்டிருக்கு. ஆனா எங்க வீடு விழலையே!

சரிங்க, உங்க வீடு விழல. விடுங்க.

கேள்வி: பிரைமருக்கு பதிலா வெள்ளைப் பசைய தண்ணில கலக்கி அடிச்சா காசு மிச்சம்னு சொல்றாங்களே?

யாரு சொன்னாங்களோ அவங்க வீட்ல அடிக்க சொல்லுங்க. அந்தப் பசை ஈரம் பட்டா மறுபடி இளகும், மேல இருக்கற பெயிண்ட் தோலோட வரும்.

கேள்வி: எங்களோடது சிமெண்ட் இல்ல, ஜிப்சம் பூச்சு. அதுக்கும் 28 நாளா?

இல்லம்மா, அது வேற ஜாதி. தண்ணி விடவே கூடாது. அதுல சிமெண்ட் மாதிரி காரம் இல்ல, ஈரம் போனா போதும். கறுப்பா திட்டுத்திட்டா இருக்கற இடமெல்லாம் வெளுத்து ஒரே நிறமா ஆகணும், ஜன்னலைத் திறந்து வைங்க. பரப்பு வழவழன்னு இருக்கும்ங்கறதால முதல் கோட் தண்ணி கூட கலந்து அடிங்க, கெட்டியா அடிச்சா பிடிக்காம உரியும். பட்டி பெருசா தேவைப்படாது, சின்னச் சின்ன குழிக்கு அக்ரிலிக் பட்டி போதும்.

கேள்வி: தேச்சு முடிச்சா மேடு பள்ளம் எப்படி கண்டுபிடிக்கறது? பெயிண்ட் அடிச்சப்புறம்தான் தெரியுது.

ராத்திரி லைட்டை அணைச்சுட்டு டார்ச்சை சுவத்தோட ஒட்டி பக்கவாட்டுல அடிங்க, எல்லா மேடும் நிழல் போட்டுக் காட்டிக்குடுக்கும். பென்சில்ல வட்டம் போடுங்க, பேனா வேணாம், மை மேல ஊறி வரும். காலைல 180 நம்பர் உப்புத்தாள்ல அந்த இடத்த தேச்சு, மொத்த சுவத்துக்கும் 220, 320ன்னு போங்க. மாஸ்க், கண்ணாடி போடுங்க. பட்டித்தூள் கண்ணுல விழுந்தா கசக்காம நிறைய தண்ணி விட்டு கழுவிட்டு டாக்டர்கிட்ட போங்க, சிமெண்ட் பட்டின்னா அது காரம்.

கேள்வி: 10க்கு 12 ரூமுக்கு எத்தனை லிட்டர்?

உயரம் 10 அடின்னா நாலு சுவரும் 440 சதுர அடி, கதவு ஜன்னல் போக 390ன்னு வைங்க. எமல்ஷன் (தண்ணி கலந்து அடிக்கற சுவர் பெயிண்ட்) ரெண்டு கோட்டுக்கு லிட்டருக்கு சுமார் 60 சதுர அடி வரும், 7 லிட்டர் எடுங்க. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல 4 மணி நேரம் விடுங்க.

கேள்வி: மொட்டைமாடி ஒழுகுது...

அது என் வேலை இல்லங்க, வாட்டர்ப்ரூஃப் பண்றவங்கள கேளுங்க. பெயிண்ட் மட்டும் அதுக்கு முன்னாடி அடிச்சுடாதீங்க.

கேள்வி: 20 நாள் ஆச்சு, அடுத்த வாரம் குடி போறோம்...

காயாம அடிக்காதீங்க. பிரைமர் கூட வேணாம், வெறும் சுவரோட போங்க. பெயிண்ட் அப்புறம் ரூம் ரூமா அடிச்சுக்கலாம்.

கேள்வி: அண்ணா, முதல்ல கேட்டவன்தான். ஷீட் ஒட்டினேன். உள்ள வேர்த்து தண்ணி வழியுது.

அப்போ டப்பாவ மூடி வெச்சுட்டு ஜன்னலைத் திற தம்பி. மூணு வாரம் கழிச்சு மறுபடி ஒட்டு, இந்த தடவ தரைலேர்ந்து ஒரு அடி மேல, அங்கதான் கடைசியா காயும்.