பெட்டியில் 'கேட் 6', உள்ளே அலுமினியம்

கேள்வி: ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன நிரல் போர்டை கேபிள் வழியாக நெட்வொர்க்கில் இணைக்க, இஎன்சி28ஜே60 சிப் உள்ள மாட்யூல் வாங்குவதா, டபிள்யூ5500 சிப் உள்ளது வாங்குவதா? முதலாவது விலை குறைவு.
— மதுரை

பதில்: டபிள்யூ5500. டிசிபி வேலையை, அதாவது தகவலைத் துண்டுகளாக அனுப்பி, வந்து சேர்ந்ததா என்று பார்ப்பதை, அந்தச் சிப்பே செய்துவிடும். மற்றதில் அது முழுவதும் ஊனோவின் 2 கிலோபைட் நினைவகத்தின் தலையில் விழும்.

கேள்வி: தோட்டத்துக் கேமராக்களுக்கு மின்சாரமும் ஈதர்நெட் கேபிளிலேயே போகிறது. 80 மீட்டர் தள்ளியிருக்கும் கேமரா பகலில் ஓடுகிறது, இருட்டினால் அணைந்து அணைந்து வருகிறது. கேமராவை மாற்றியும் பயனில்லை. கேபிள் 'கேட் 6' என்ற நெட்வொர்க் கேபிள் வகை, 305 மீட்டர் பெட்டி. பில் இருக்கிறது.
— கோபிசெட்டிபாளையம்

பதில்: பாவம், நல்ல கேமராவைத் தூக்கிப் போட்டிருக்கிறீர்கள். மீதியுள்ள கேபிளில் ஒரு கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அதன் மின்தடை செம்பைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. இருட்டியதும் கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரியும், இழுக்கும் மின்சாரம் கூடும், வோல்டேஜ் வழியிலேயே விழுந்துவிடும்.

இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் அதிகம். வீட்டு மாடிக்கு நான் வாங்கிய பெட்டியும் இதேதான். சுவரை வெட்டிக் குழாயில் பதித்த பிறகு, கனெக்டர் மாட்டும்போது கம்பி பட்டென்று ஒடிந்தது. அப்போதுதான் தெரிந்தது. "எல்லாரும் இதைத்தானே சார் வாங்குறாங்க" என்றார் கடைக்காரர். புதுக் கேபிளுக்கும் கொத்தனார் கூலிக்கும் நான்தான் கொடுத்தேன். தரநிலைப்படி கேட் 6 என்றால் கம்பி முழுச் செம்பாக இருக்க வேண்டும். அலுமினியத்தின் மேல் அந்தப் பெயரை அச்சிட்டு விற்பது ஏமாற்று வேலை, வேறு பெயர் கிடையாது.

இனி வாங்கும்போது கடையிலேயே மல்டிமீட்டரால் சோதியுங்கள். இன்னும் வெட்டாத 305 மீட்டர் பெட்டியில் ஒரு ஜோடியின் இரு கம்பிகளையும் ஒரு முனையில் முறுக்கிவிட்டு, மறுமுனையில் அளக்க வேண்டும். 57 ஓமைத் தாண்டினால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுங்கள். கடைக்காரர் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பில்லோடு பெட்டி லேபிளின் படத்தையும், சுரண்டிய கம்பியையும் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: கிணற்று மோட்டாரை வீட்டிலிருந்து இயக்க இரண்டு லோரா மாட்யூல் (குறைந்த மின்சாரத்தில் தூரமாகத் தகவல் அனுப்பும் ரேடியோ) வாங்கினேன். தள்ளுபடியில் கிடைத்தது, 915 மெகாஹெர்ட்ஸ். ஆன்டெனா இன்னும் வரவில்லை. சோதித்துப் பார்க்கலாமா?
— திண்டுக்கல்

பதில்: கூடாது. ஆன்டெனா இல்லாமல் அனுப்பினால் மாட்யூலே போய்விடலாம். வந்த பிறகும் 915-ஐ இங்கே பயன்படுத்தக் கூடாது. 890 முதல் 915 வரை செல்போன்கள் கோபுரத்தோடு பேசும் அலைவரிசை. இந்தியாவில் இதற்கு உரிமம் இல்லாமல் விட்டிருப்பது 865 முதல் 868 வரை. விற்பனைப் பக்கத்திலேயே அலைவரிசை எழுதியிருக்கும், தள்ளுபடியை மட்டும் பார்த்தால் எப்படி? திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிட்டு 868 வாங்குங்கள். நிரலில் 866 என்று வையுங்கள்.

கேள்வி: '5 கி.மீ. எட்டும்' என்று போட்டிருந்த எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் கிட், 200 மீட்டர்கூட எட்டவில்லை. ஆம்ப்ளிஃபையர் சேர்க்கட்டுமா?
— கல்லூரி மாணவர், நெல்லை

பதில்: வேண்டாம் தம்பி. உரிமம் இல்லாமல் ஒலிபரப்புவது குற்றம், பொருளையும் பறிமுதல் செய்வார்கள். விளம்பரத்தில் சொன்ன பொய்க்குப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. தூரமாகப் பேச ஆசை என்றால் தொலைத்தொடர்புத் துறையின் ஹாம் (பொழுதுபோக்கு ரேடியோ) தேர்வை எழுதி உரிமம் வாங்குங்கள். பாட்டு போட அதிலும் அனுமதி இல்லை. ஆனால் கையால் செய்த டிரான்ஸ்மிட்டரில் வேறு நாட்டு ஆளோடு பேசலாம்.