‘மரியா தெ லா ஓ’: அந்த ‘ஓ’ எங்கிருந்து வந்தது?

கேள்வி: அம்மா, என் மகள் மாட்ரிட்டில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறாள். அவளுடைய மேலாளர் காதிஸ் மாகாணத்தைச் சேர்ந்தவர். பெயர் ‘மரியா தெ லா ஓ’. இந்த ‘ஓ’ நம் ஊரில் போடுகிற இனிஷியல் மாதிரியா? அப்பா பெயரின் முதல் எழுத்தா?
— ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: இனிஷியல் இல்லை, பெயரே அதுதான். ‘மரியா தெ லா ஓ’ முழுவதும் அந்தப் பெண்மணியின் முதற்பெயர். அப்பா வழிக் குடும்பப் பெயரும் அம்மா வழிக் குடும்பப் பெயரும் அதற்குப் பிறகுதான் வரும்.

மரியாவோடு மாதாவின் ஒரு பட்டத்தையும் சேர்த்துப் பெண் குழந்தைக்குச் சூட்டுவது ஸ்பெயினில் நெடுங்கால வழக்கம். கார்மெல் மலை மாதாவின் பெயரால் மரியா தெல் கார்மென், சரகோசாவில் தூண்மேல் நிற்கும் மாதாவின் பெயரால் மரியா தெல் பிலார், வியாகுல மாதாவின் பெயரால் மரியா தெ லோஸ் தொலோரெஸ். தூத்துக்குடிக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: உங்கள் பனிமய மாதாவேதான் அங்கே மரியா தெ லாஸ் நியெவெஸ். இரண்டு ஊரிலும் திருநாள் ஆகஸ்ட் 5. வேளாங்கண்ணி மாதாவை நினைத்து நாம் ஆரோக்கியமேரி என்று பெயர் வைக்கிறோம். அங்கே அதே எண்ணத்தில் மரியா தெ லா சலூத் என்று வைக்கிறார்கள்.

இந்தப் பட்டங்கள் எல்லாவற்றிலும் ஒரு மலையோ தூணோ துயரமோ பனியோ இருக்கிறது. ‘ஓ’வில் இருப்பது வெறும் குரல். அதனால்தான் எனக்கு இந்தப் பெயர்மீது தனிப் பிரியம்.

656ஆம் ஆண்டு தொலேதோ நகரில் கூடிய பத்தாவது திருச்சபைச் சங்கத்திலிருந்து தொடங்க வேண்டும். கபிரியேல் தூதர் மரியாளுக்கு மங்கள வார்த்தை சொன்ன திருநாள் மார்ச் 25. அது பெரும்பாலும் தவக்காலத்திலோ பாஸ்கா நாட்களிலோ விழுந்துவிடுகிறது. நோன்பும் துக்கமும் நிறைந்த நாட்களில் இவ்வளவு பெரிய மகிழ்ச்சியை எப்படிக் கொண்டாடுவது? சங்கம் அந்தத் திருநாளை கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்னதாக, டிசம்பர் 18ஆம் தேதிக்கு மாற்றியது. சங்கம் கூடிய மறு ஆண்டில் தொலேதோவின் பேராயரான புனித இல்தெஃபோன்சோ அதை வேரூன்றச் செய்தார். பிற்காலத்தில் மங்கள வார்த்தைத் திருநாள் ஸ்பெயினிலும் மார்ச்சுக்கே திரும்பிவிட்டது. ஆனால் டிசம்பர் 18ஐ மக்கள் விடவில்லை. அன்று மரியாள் நிறைமாதக் கர்ப்பிணி. அதனால் அது பேறுகாலத்துக்குக் காத்திருக்கும் மாதாவின் திருநாளாகவே நிலைத்தது.

டிசம்பர் 17 முதல் 23 வரை மாலைச் செபத்தில் நாளுக்கு ஒன்றாக ஏழு சிறு பாடல்கள் பாடப்படுகின்றன. லத்தீனில் ஏழும் ‘ஓ’ என்றே தொடங்கும்: ஓ ஞானமே, ஓ விடியலே, ஓ எம்மானுவேலே. பழைய ஸ்பானிய வழிபாட்டு முறையில் இன்னொரு வழக்கமும் இருந்ததாகச் சொல்வார்கள். டிசம்பர் 18 மாலைச் செபம் முடிந்ததும் பாடகர் குழு சொல் எதுவும் இல்லாமல் நீளமாக ‘ஓ’ என்று குரல் எழுப்புமாம். மீட்பர் எப்போது வருவார் என்ற ஏக்கம் அந்தக் குரலில் இருந்தது. அதைக் கேட்ட மக்கள் அன்றைய மாதாவையே ‘ஓ மாதா’ என்று அழைத்தார்கள்.

மாதாவின் வயிற்று வட்டத்தைத்தான் ‘ஓ’ குறிக்கிறது என்ற விளக்கமும் உலவுகிறது. அது பின்னால் ஒட்டவைத்த விளக்கம் என்பது என் உறுதியான எண்ணம். அது பிறந்த காரணமும் புரிகிறது. 14ஆம் நூற்றாண்டில் போர்த்துகலில், குறிப்பாகக் கோயிம்ப்ரா பகுதிச் சிற்பிகள், மாதாவை நிறைவயிற்றோடு, வயிற்றின்மேல் கை வைத்தபடி செதுக்கினார்கள். அந்தச் சிலைகளைப் பார்த்தவர்களுக்கு வட்டம் முதலில் கண்ணில் படுவது இயல்பு.

கேள்வி: இந்தப் பெயர் அங்கே பிரபலமா? என் பேத்திக்குப் பெயர் தேடியபோது பார்த்த ஸ்பானியப் பெயர்ப் பட்டியல்களில் இது கண்ணில் படவே இல்லை.
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: எல்லோரும் கேள்விப்பட்ட பெயர், சிலருக்கு மட்டுமே வைக்கப்படுகிற பெயர். மரியா கார்மென் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். மரியா தெ லா ஓவைச் சந்திக்க வேண்டுமானால் அந்த மாதாவுக்குக் கோயில் இருக்கும் ஊர்ப்பக்கம் போவது நல்லது.

நான் அப்படித்தான் சந்தித்தேன். ஆம்பூரில் ஒரு தோல் நிறுவனத்துக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த காலத்தில் காதிஸ் மாகாணத்து உப்ரிகே ஊருக்கு அனுப்பினார்கள். மலையடிவாரத்தில் வெள்ளையடித்த வீடுகள் அடுக்கடுக்காக ஏறும் சிற்றூர். பெரிய ஐரோப்பிய நிறுவனங்களின் கைப்பைகளும் பணப்பைகளும் அங்கே தயாராகின்றன. ஊரின் பங்குக் கோயில் ஓ மாதாவுடையது. நான் போன பட்டறையில் தோலின் விளிம்பை மடித்து ஒட்டும் மேசையில் இரண்டு மரியா தெ லா ஓ அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பாட்டி வயது, மற்றவர் இளம்பெண். வயதில் மூத்தவர் வேலையை நிறுத்தாமலே சொன்னார்: அவருக்கு முன் இரண்டு குழந்தைகள் தங்கவில்லை, மூன்றாவது கர்ப்பத்தில் அவருடைய தாய் கோயிலில் நேர்ந்துகொண்டார், குழந்தை தங்கினால் மாதாவின் பெயர். டிசம்பரில் பிறந்ததற்காக வைத்த பெயர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவர் பிறந்தது மே மாதத்தில்.

செவில் நகரின் த்ரியானா பகுதியிலும் கஸ்தில்யா தெருவில் ஓ மாதாவுக்குக் கோயில் உண்டு. அதைச் சேர்ந்த பக்த சபை பெரிய வெள்ளியன்று ஊர்வலம் போகும். த்ரியானா இருப்பது ஆற்றுக்கு மேற்கே, பேராலயம் கிழக்கே. 1830இல் படகுகளைக் கோத்து அமைத்த பழைய பாலத்தின் வழியாகச் சுரூபங்களைச் சுமந்து பேராலயம் வரை போன முதல் த்ரியானா சபை இதுதான். கூட்டத்தின் எடையில் அசையும் பாலத்தின்மேல் அந்தச் சுமையோடு நடந்தவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வியப்பு. 1936 கலவரத்தில் பழைய மாதா சுரூபம் அழிந்தது. இப்போது இருப்பது காஸ்தில்யோ லாஸ்த்ருச்சி 1937இல் செதுக்கியது.

அப்படியானால் ஏன் இவ்வளவு அரிது? எனக்குத் தோன்றும் முதல் காரணம், அதே நாளில் இன்னொரு பெயர் காத்திருப்பது. டிசம்பர் 18 எஸ்பெரான்சாவின் நாளும்கூட. செவில் மக்கள் உயிராக நேசிக்கும் மகரேனா மாதா அந்தப் பட்டத்துக்கு உரியவர். நம்பிக்கை என்று எல்லோருக்கும் விளங்கும் பெயர் அருகில் இருக்கும்போது, விளக்கம் சொல்ல வேண்டிய ஓர் எழுத்தை எத்தனை பெற்றோர் தேர்ந்தெடுப்பார்கள்?

இரண்டாவது காரணம் ஒரு பாட்டு. 1930களில் இதே பெயரில் ஒரு கோப்லா, அதாவது கதை சொல்லும் ஸ்பானிய மக்கள் பாடல், நாடு முழுவதும் பரவியது. பணத்தைத் தேர்ந்து காதலை இழந்த ஜிப்சிப் பெண்ணின் புலம்பல் அது. 1936இல் ஃப்ளமெங்கோ நடனக் கலைஞர் கார்மென் அமாயாவை வைத்து அதே பெயரில் திரைப்படமும் எடுத்தார்கள். பாட்டு பெயரை எல்லோர் காதிலும் போட்டது. கூடவே ஒரு துக்கத்தையும் ஒட்டிவிட்டது. மகளுக்குப் பெயர் தேடும் தாய் அதை நினைத்துத் தயங்கியிருப்பாள்.

இப்போதைய காற்று வேறு. லூசியா, மார்த்தினா, சோஃபியா என்று குட்டையான, எந்த நாட்டிலும் செல்லுபடியாகும் பெயர்களைத்தான் இளம் பெற்றோர் விரும்புகிறார்கள். நீளமான மாதா பெயர்கள் எல்லாமே தேய்கின்றன. அதில் எனக்கு வருத்தம் உண்டு.

கேள்வி: இந்தப் பெயரில் புகழ்பெற்றவர் யாராவது இருக்கிறார்களா?
— கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

பதில்: இருக்கிறார். பெயர் வெளியே தெரியாமலே புகழ்பெற்றவர். மரியா தெ லா ஓ லெஹாராகா, 1874இல் ரியோஹாவில் சான் மிய்யான் தெ லா கொகோய்யாவில் பிறந்தவர், பள்ளி ஆசிரியை. 1899இல் முதல் நூலைத் தன் பெயரில் வெளியிட்டார். வீட்டில் ஒருவரும் பெரிதாகப் பாராட்டவில்லை. இனி என் பெயர் எந்த அட்டையிலும் வராது என்று முடிவெடுத்தார். 1900இல் கிரெகோரியோ மார்த்தினெஸ் சியெர்ராவை மணந்தார். அதன்பின் அவர் எழுதிய நாடகங்கள் கணவரின் பெயரில் மேடையேறின. மனுவேல் தெ ஃபாயாவின் இசையோடு 1915இல் அரங்கேறிய ‘எல் அமோர் புருஹோ’வின் வசனங்களும் அவர் எழுதியவையே. கணவர் ஒரு நடிகையோடு வாழப் போன பிறகும் அவருக்காக எழுதிக்கொண்டிருந்தார். 1933இல் சோசலிஸ்ட் கட்சி சார்பில் கிரனாதாவிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். உள்நாட்டுப் போர் அவரை நாட்டைவிட்டு வெளியேற்றியது. 1974இல் புவனோஸ் ஐரெஸில் இறந்தார், நூறு வயதுக்குச் சில மாதங்கள் குறைவாக. இன்று ஆய்வாளர்கள் அந்த நாடகங்களை அவர் பெயரோடு சேர்த்துப் பேசுகிறார்கள். அவரைத் தேடிப் படியுங்கள்.

கேள்வி: நம் பக்கத்தில் இந்த மாதாவுக்குக் கோயில் உண்டா?
— ஒரு வாசகர், ஆலந்தூர்

பதில்: உங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். பரங்கிமலை உச்சியில் போர்த்துக்கீசியர் 1523இல் எழுப்பிய கோயில் பேறுகாலத்துக்குக் காத்திருக்கும் இந்த மாதாவுக்கே அர்ப்பணிக்கப்பட்டது. 1547இல் அங்கே நிலத்தைத் தோண்டியபோது கிடைத்த கற்சிலுவை இப்போதும் பலிபீடத்தில் இருக்கிறது. 1558 டிசம்பர் 18 அன்று திருப்பலியின்போது அதில் இரத்தம் கசிந்ததாக மரபு சொல்கிறது. தேதியைக் கவனியுங்கள்.

கேள்வி: ஆண்களுக்கும் மரியா என்று வைப்பார்களாமே?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: ஆம், இரண்டாவது பெயராக. ஹோசே மரியா ஆண். அதைத் திருப்பிப் போட்டு மரியா ஹோசே என்றால் பெண். ஹோசே மரியாவைச் செல்லமாகச் ‘செமா’ என்பார்கள்.

கேள்வி: பாளையங்கோட்டை வாசகிதான் மீண்டும். மகள் அவரை ‘மரியா’ என்று மட்டும் கூப்பிடலாமா? விடுமுறைப் படிவத்தில் மேலாளர் பெயரை எப்படி நிரப்புவது?

பதில்: அவரே சுருக்கிக்கொள்ளாதவரை முழுப்பெயரையே சொல்லச் சொல்லுங்கள். அந்த அலுவலகத்திலேயே இன்னும் எத்தனையோ மரியாக்கள் இருப்பார்கள். ‘தெ லா ஓ’ போய்விட்டால் அவருடைய தாய் தேர்ந்தெடுத்த பகுதியே போய்விடும். படிவத்தில் முதற்பெயர் கட்டத்தில் நான்கு சொற்களையும் இடைவெளியோடு எழுத வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் ஒருவருக்கு ஒரு கூட்டுப்பெயர் அல்லது இரண்டு தனிப்பெயர்கள் என்று வரம்பு வைத்திருந்தது. அந்தக் கணக்கிலும் இது ஒரே பெயர்தான். வெளிநாட்டு மென்பொருள்கள் ‘தெ லா ஓ’வைக் குடும்பப் பெயர் என்று எண்ணி அடுத்த கட்டத்துக்குத் தள்ளிவிடும். டிக்கெட் எடுக்கும்போது இதனால் பாஸ்போர்ட்டோடு பெயர் ஒத்துப்போகாமல் தொல்லை வரும். அனுப்புவதற்கு முன் ஒருமுறை சரிபார்க்கட்டும்.

டிசம்பர் 18 காலையில் ‘ஃபெலிசிதாதெஸ்’ என்று ஒரு வரி அனுப்பினால் அந்த அம்மாள் மகிழ்வார். பிறந்தநாளைப் போலவே பெயர்நாளுக்கும், அதாவது ஒருவர் பெயருக்குரிய திருநாளுக்கும், அங்கே இப்படித்தான் வாழ்த்துவார்கள். அலுவலகத்தில் எஸ்பெரான்சா யாராவது இருந்தால் அவருக்கும் அன்றுதான் பெயர்நாள். அவரையும் விட்டுவிட வேண்டாம்.