நேராகவே சொல்லியிருக்கலாமே?

கேள்வி: சண்டே ஸ்கூலில் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். போன வாரம் விதைக்கிறவன் உவமையை நடத்தும்போது ஒரு பையன், "இயேசு நேராகவே சொல்லியிருக்கலாமே டீச்சர், எதுக்குக் கதை?" என்று கேட்டான். எல்லோருக்கும் சுலபமாகப் புரியத்தான் என்றேன். வீட்டுக்கு வந்து மாற்கு 4-ஆம் அதிகாரத்தை வாசித்தால், புறம்பே இருக்கிறவர்கள் கேட்டும் உணராதபடிக்கு உவமையாகப் பேசுவதாக இருக்கிறது. நான் சொன்னது தப்பா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

தப்பில்லை. அதே அதிகாரத்தின் 33-ஆம் வசனம், ஜனங்களின் திராணிக்குத் தக்கதாக அவர் உவமைகளால் பேசினார் என்கிறது. ஆனால் அது பாதிப் பதில்தான். மீதியைத் தேடினால் நான் போய் நிற்கிற இடம் பழைய ஏற்பாட்டில் 2 சாமுவேல் 12.

தாவீது ராஜா உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவைப் போர்முனையில் நிறுத்திச் சாகவிட்டார். நாத்தான் தீர்க்கதரிசி ராஜாவிடம் வருகிறார். குற்றத்தை எடுத்த எடுப்பிலேயே சொல்லியிருந்தால் தாவீது ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பார். நாத்தானோ ஒரு ஆட்டுக்குட்டியைப் பற்றிப் பேசுகிறார். ஏழை ஒருவன் வாங்கி வளர்த்த ஒரே குட்டி. அவன் தட்டில் தின்று, அவன் பாத்திரத்தில் குடித்து, அவன் மடியில் படுத்து, மகளைப் போல் இருந்தது. அதே ஊர்ப் பணக்காரன், வந்த விருந்தாளிக்குத் தன் மந்தையில் ஒன்றை அடிக்க மனமில்லாமல், அந்தக் குட்டியைப் பிடித்துச் சமைத்துவிட்டான். தாவீது ஆடு மேய்த்து வளர்ந்தவர் அல்லவா, கொதித்துப்போனார். அவன் சாகவேண்டும், நாலு மடங்கு திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். அப்புறம்தான் நாத்தான் சொன்னார்: "நீயே அந்த மனுஷன்."

உவமை ஏன் என்றால் இதற்குத்தான். தன்னைப் பற்றிய பேச்சு என்று தெரிந்தால் மனுஷன் உடனே கதவைச் சாத்திக்கொள்வான். அடுத்தவன் கதை என்றால் நியாயம் தெளிவாகத் தெரியும், தீர்ப்பும் அவன் வாயிலிருந்தே வந்துவிடும்.

நல்ல சமாரியன் கதையிலும் இதைப் பாருங்கள். "எனக்குப் பிறன் (அயலான்) யார்?" என்று நியாயசாஸ்திரி, அதாவது யூதர்களின் வேதச் சட்டம் கற்ற ஒருவர், கேட்டதற்கு வந்த பதில் அது. எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்குகிற வழியில் ஒருவன் அடிபட்டுக் கிடக்கிறான். சுமார் 1000 மீட்டர் இறக்கம், வறண்ட மலைப்பாதை. ஆசாரியன் விலகிப் போகிறான், ஆலயப் பணி செய்கிற லேவியனும் விலகிப் போகிறான். நின்றவன் சமாரியன், யூதர்கள் சம்பந்தம் வைத்துக்கொள்ளாத கூட்டத்தான். கடைசியில் இயேசு, இந்த மூவரில் எவன் அவனுக்குப் பிறனாயிருந்தான் என்று கேள்வியையே திருப்பிவிடுகிறார். நியாயசாஸ்திரியோ "சமாரியன்" என்று சொல்லவில்லை, "அவனுக்கு இரக்கஞ்செய்தவனே" என்கிறார். அந்தப் பெயரைச் சொல்ல நாக்கு எழவில்லை என்றே எனக்குப் படுகிறது. ஆனாலும் சரியான பதிலைச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் வாசிப்பை நிறுத்திவிடுவேன்.

மாற்கு 4-இன் வசனம் கடினமானதுதான், அதைப் பூசி மெழுக வேண்டாம். ஏசாயா தீர்க்கதரிசியின் புத்தகம் 6-ஆம் அதிகாரத்திலிருந்து வருகிற வார்த்தை அது. மத்தேயு 13-இல் அதுவே, அவர்கள் உணராமல் இருக்கிறபடியினால் உவமையாகப் பேசுகிறேன் என்று வருகிறது. எனக்கு வழிகாட்டுவது மாற்கு 12. தோட்டக்காரரின் மகனையே கொன்ற திராட்சத்தோட்டக் குத்தகைக்காரர் உவமையைக் கேட்ட யூதத் தலைவர்களுக்கு, தங்களைத்தான் சொல்கிறார் என்று நன்றாகவே விளங்கியது. விளங்கியும் இயேசுவைக் கைதுசெய்யத்தான் வழி தேடினார்கள். தாவீதோ, "பாவஞ்செய்தேன்" என்றார். இரு தரப்பும் கேட்டது உவமைதான்.

அடுத்த வாரம் கெட்ட குமாரன் உவமையை எடுங்கள். சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்த இளைய மகனுக்காக வீட்டுக்குள் விருந்து, ஆடல் பாடல். மூத்தவன் கோபத்தோடு வெளியே நிற்கிறான், தகப்பன் வெளியே வந்து கெஞ்சுகிறார். அவன் உள்ளே போனானா? லூக்கா எழுதவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள். கேள்வி கேட்ட அந்தப் பையனிடமே முதலில் கேளுங்கள்.