தலவாக்கலையில் தக்காளி பழுக்க எத்தனை நாள்?

கேள்வி: தலவாக்கலைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வசிக்கிறோம். லயத்துக்குப் பின்னால் உள்ள சிறு மரக்கறித் தோட்டத்தில் பெப்ரவரி நடுவில் தக்காளி நாற்று நட்டேன். விதைப் பக்கற்றில் 75 நாள் என்று போட்டிருந்தது. ஜூன் பிறந்த பின்னும் காய்கள் பச்சையாகவே நின்றன. மழை பிடித்ததும் இலையும் காயும் கறுத்து அழுகிவிட்டன. பசளை போதவில்லையா, விதை பிழையா? எங்கள் பக்கத்துக்கு எந்த இனம் சரி, ஐயா?

பதில்: பசளையிலும் விதையிலும் குற்றம் காண வேண்டாம், அம்மா. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், அந்த 75 நாள் கணக்குத்தான் உங்கள் மலைக்குப் பொருந்தவில்லை. பக்கற்றில் காணப்படும் நாட்கள் பெரும்பாலும் விதைத்த நாளிலிருந்து அல்லாமல், நாற்றைப் பிடுங்கி நட்ட நாளிலிருந்து முதற்பழம் வரை எண்ணப்படுபவை. அதுவும் உங்கள் ஊரை விட வெப்பமான இடங்களில் எண்ணப்பட்டவை.

தக்காளியின் வளர்ச்சி அன்றாடம் கிடைக்கும் வெப்பத்தைப் பொறுத்தது; 10 பாகை செல்சியசுக்குக் கீழே அது ஏறத்தாழ நின்றுவிடும். சராசரி 25 பாகை உள்ள இடத்தில் செடிக்கு நாளொன்றுக்கு 15 பாகை பயன்படுகிறது என்றால், 18 பாகையை ஒட்டி நிற்கும் உங்கள் இடத்தில் 8 பாகைதான் பயன்படும். ஆகவே அங்கே 75 நாளில் பழுக்கும் இனம் உங்களிடம் 140 நாள் வரை எடுக்கும். இது தோராயமான கணக்கு. வெயிலையும் இனத்தையும் பொறுத்துச் சற்று முன்பின் ஆகலாம். ஆயினும், பெப்ரவரி நடுவில் நட்டது ஜூன் தொடக்கத்திலும் பச்சையாக நின்றதற்குக் காரணம் இதிலேயே இருக்கிறது. மே கடைசியில் தென்மேல் பருவமழை வந்து, குளிரும் இலை ஈரமும் சேர்ந்ததும் பின் வெளிறல் நோய் பிடித்துக்கொண்டது. உருளைக்கிழங்கை அழிக்கும் அதே நோய்தான் இது.

எனவே 55 முதல் 65 நாள் எனக் குறிக்கப்பட்ட இனங்களையே தேடுங்கள். 55 நாள் இனம் உங்கள் இடத்தில் ஏறத்தாழ 103 நாளில் பழுக்கும். சிறுபழ இனங்களில் காய் பருத்து முடியக் குறைந்த காலமே போதுமாகையால், வீட்டுத் தோட்டத்துக்குச் செர்ரித் தக்காளியையே முதலில் சொல்வேன். விவசாயத் திணைக்களத்தின் லங்கா செர்ரி கிடைத்தால் அதை நட்டுப் பாருங்கள். வெளிநாட்டு விதை கிடைக்குமானால், செக் நாட்டின் ஸ்டுபிஸ் குளிரிலும் காய் பிடிப்பதற்குப் பெயர் பெற்றது. றோமாவும் மார்குளோபும் நல்ல இனங்களே. ஆனால் இரண்டும் 75 நாளுக்குக் குறையாதவை. சமையலுக்குச் சதைப்பற்று வேண்டுமென்றால் றோமாவில் நான்கைந்து செடி போதும். பெரிய பழ இனங்களைப் பதுளை போன்ற தாழ்ந்த, வெப்பமான இடங்களுக்கு விட்டுவிடுங்கள். திலின, ரஜித முதலிய உள்ளூர் இனங்களை வாங்குமுன், அவை எந்த உயரத்தில் சிறப்பாகக் காய்த்தன என்று உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியுங்கள்.

இனத்தைப் போலவே நடும் காலமும் முக்கியம். பழம் பறிக்கும் காலம் மார்ச், ஏப்ரல் மாதங்களில் விழ வேண்டும். அதற்கு ஒக்டோபர் நடுவில், மழை படாத இடத்தில் விதைத்து, குளிரில் நாற்று மெதுவாக வளருமாதலால் ஐந்து கிழமை வைத்திருந்து, நவம்பர் கடைசியில் நடுங்கள். பூக்கும் ஜனவரியில் இரவு வெப்பம் 13 பாகைக்குக் கீழே போனால் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். ஆகவே தெற்கு பார்த்த சுவரோரம் நடுங்கள். அந்த மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், பகலெல்லாம் சூடேறிய சுவர் இரவில் அந்தச் சூட்டை மெல்ல வெளிவிடும். பக்கங்களைத் திறந்துவிட்டு மேலே மட்டும் பொலித்தீன் கூரை போட்டால் இலை நனையாது. காலை பத்து மணியளவில் பூங்கொத்தை மெல்லத் தட்டிவிடுவது காய் பிடிக்க உதவும். (வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்தில் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை வறட்சியாக இருப்பதால் அவர்களுடைய கணக்கு வேறு, அவர்களைப் பார்த்து நாள் குறிக்க வேண்டாம்.)

மழை முந்திவிட்டால் காய்களைச் செடியிலேயே விட்டு வைக்காதீர்கள். முற்றிய காயொன்றை அறுத்துப் பாருங்கள்: விதையைச் சுற்றிக் கூழ் திரண்டு, விதை கத்தியில் அறுபடாமல் வழுக்கினால் அந்தப் பருவத்துக் காய்கள் வீட்டுக்குள்ளேயே பழுக்கும். கறை இல்லாதவற்றை மட்டும் துடைத்து, கடதாசியில் சுற்றி, ஒரு வாழைப்பழத்தோடு பெட்டியில் இட்டு அடுப்படியின் இளஞ்சூட்டில் வையுங்கள், வெயில் தேவையில்லை. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் நிறம் திரும்பாது.

இப்போது கறுத்து நிற்கும் செடிகளை வேரோடு பிடுங்கி, மழை வெறித்த நாளில் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். வரும் ஒக்டோபர் நாற்றை அதே பாத்தியிலோ, உருளைக்கிழங்கு, கத்தரி, மிளகாய் நின்ற இடத்திலோ நடாமல், போஞ்சியோ லீக்ஸோ நின்ற பாத்தியில் நடுங்கள்.