தொட்டிக்கரியில் இரும்பு ஆக்சைடு ஏன் ஒட்டவில்லை?

காங்கேயத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: தேங்காய்த் தொட்டிக்கரியில் செய்த ஆக்டிவேட்டட் கார்பனை (நுண்துளைகள் நிறைந்த கரி) ஃபெரிக் குளோரைடில் ஊறவைத்து, அதிலேயே காஸ்டிக் சோடா ஊற்றி இரும்பு ஆக்சைடு பூசினேன். எத்தனை தடவை அலசியும் செம்பழுப்புத் தண்ணீர் நிற்கவில்லை, எங்கே தவறு?

பக்கெட் நிறையக் கரைசல் இருக்கும்போதே காஸ்டிக் ஊற்றியதுதான் தவறு. இரும்பு தண்ணீரிலேயே துருவாகத் திரண்டு கரியின் மேல் சேறு மாதிரி படிந்துவிட்டது. அது பூச்சே இல்லை.

முதலில் கரியை அலசி 110 டிகிரியில் காய வையுங்கள். அதில் 100 கிராம் எடுத்துக் கிளறிக்கொண்டே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, மேலே ஈரம் மினுங்கத் தொடங்கும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள், துளைகள் குடிப்பது அவ்வளவுதான். வேறு காய்ந்த கரியில் அதே கணக்குக்கு ஃபெரிக் குளோரைடு கரைசலை விட்டு, ஒரு ராத்திரி மூடி வைத்து, காய்ந்த பிறகு நீர்த்த காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். முதல் அலசல்களில் நிறம் வரும், போகப்போகத் தெளியும். இரும்பை அதிகம் ஏற்றாதீர்கள். தொட்டிக்கரியின் துளைகளில் பெரும்பாலானவை 2 நானோமீட்டருக்கும் குறுகலானவை, வாய் அடைத்துக்கொள்ளும்.

கரியில் மாங்கனீசு ஆக்சைடு பூசுவதற்கு மட்டும் இந்தக் காரம், அதாவது காஸ்டிக், சேர்க்கும் வேலையே கிடையாது. பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலில் கரியைப் போட்டால் கரியே அதை மாங்கனீசு டை ஆக்சைடாக மாற்றித் தன் சுவரில் படிய வைத்துக்கொள்ளும், ஊதா நிறம் மறைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால் நீர்த்த கரைசல்தான், சிறுகச் சிறுகத்தான். காய்ந்த பெர்மாங்கனேட் தூளைக் கரியோடு கலக்கவே கூடாது. மாங்கனீசுக்குச் சரியாக வந்தது என்று இரும்பிலும் காரம் சேர்க்காமல் இருந்துவிடாதீர்கள்.

யாராவது ஃபெரிக் நைட்ரேட் போட்டுச் சூடாக்கச் சொன்னால் கேட்காதீர்கள். வெடியுப்பு, கரி, கந்தகம் என்ற வெடிமருந்துக் கூட்டில் வெடியுப்பு, கரி இரண்டின் குணம் அதில் வந்துவிடுகிறது, ஆய்வகத்தில் நைட்ரஜன் வாயுவுக்குள் செய்வதைக் கொட்டகையில் செய்ய முடியாது.

அப்புறம் இந்தத் தரகர்கள். சுட்ட கரியையே பொடித்து ஆக்டிவேட்டட் கார்பன் என்று தள்ளிவிடுகிறார்கள், 'அயோடின் எண் 1000' என்று ஒரு தாளையும் நீட்டுகிறார்கள் (கரி எவ்வளவு அயோடினை உறிஞ்சும் என்று காட்டும் எண் அது). அந்தத் தாள் எந்த மூட்டையின் சோதனை? பூசிய கரியை விற்பவரும் பூசுவதற்கு முந்தைய எண்ணைத்தான் காட்டுவார், ஆக்சைடு ஏறியதும் அந்த எண் இறங்கிவிடும். சிறு தொழில்காரர் ஒரு மாதிரியை ஆய்வகத்தில் சோதிக்கக் கொடுத்தால் அங்கே வாரக்கணக்கில் அலையவிடுகிறார்கள், அந்த இடைவெளியில்தான் இந்தத் தரகர்கள் பிழைக்கிறார்கள், எனக்கு ஆத்திரமே வருகிறது. வந்து இறங்கும் மூட்டையில் நீங்களே மாதிரி எடுத்து, முத்திரை வைத்து அனுப்புங்கள், முடிவு வரும்வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.