4 கோடி இலக்கப் பகா எண்ணைச் சோதிப்பது எப்படி?

கேள்வி: 2024-இல் கண்டுபிடித்த மிகப் பெரிய பகா எண்ணுக்கு 4 கோடியே 10 லட்சம் இலக்கங்களாமே! வகுத்தா பார்த்தார்கள்?

பதில்: வகுத்துப் பார்த்து மாளாது. அந்த எண், 2-இன் 136279841-ஆவது அடுக்கைவிட 1 குறைவு. இந்த வடிவத்துக்கென்றே லூக்கா–லேமர் சோதனை இருக்கிறது.

4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி 2-ஐக் கழியுங்கள். சோதிக்கும் எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி அதையே செய்யுங்கள். அடுக்கைவிட 2 குறைவான தடவை செய்ததும் மீதி 0 வந்தால் பகா எண்ணேதான். 31-க்கு அடுக்கு 5; ஆகவே 3 தடவை: 4, 14, 8, 0. எவ்வளவு அழகான கணக்கு!

அடுக்கு பகா எண்ணாக இருந்தால் மட்டும் போதாது. 11-ஆவது அடுக்கில் வரும் 2047, 23 × 89 ஆகிவிடும்.

நடுவில் கணினி ஒரு பிட் பிசகினாலும் முடிவு பாழ். அதனால்தான் வேறு வேறு கணினிகளிலும் மென்பொருள்களிலும் திரும்ப ஓட்டிய பிறகே அறிவித்தார்கள்.